சித்திங்க ஊட்டுப் படச்சோறு

அடி கனத்த அலுமினியப் போசியில் ஓடை மணலைக் கொட்டி மூடி விறகடுப்பில் ஏற்றினால் முதலில் மழை பெய்த மாதிரி ஒரு ஈர வாசனை வரும். மணல் காய்ந்து சூடேறியதும் அது பொரி வறுக்கும் வாசனையாக மாறும். சாமை மாவும் வெல்லமும் பிசைந்த பலாச்சுளையும் கலந்த கிண்ணத்தை அந்த மணலுக்குள் இறக்கி வைத்து மூடிய கொஞ்ச நேரத்தில், கருகப் போகிற வெல்லத்தின் இனிப்பும் பலாவின் மணமுமாகச் சேர்ந்து ஒரு வாசனை எழுந்து, மிளகுக் கொடிகளுக்கு நடுவிலுள்ள தடத்தின் வழியாக எங்கள் வீடு வரைக்கும் வந்துவிடும். அது வந்துவிட்டால் நான் வீட்டில் தங்கமாட்டேன். "போச்சு, மூக்கு புடிச்சிருச்சு, இனி இவ நிக்க மாட்டா" என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே தடத்தில் பாதி தூரம் ஓடியிருப்பேன். அந்தப் பண்டத்துக்கு எங்களிடையே "மணல் கேக்" என்று பெயர். வெளிநாட்டுப் படம் ஒன்றில், ஒரு ரயில் நிலையத்தை ஒட்டி ரொட்டிக் கடை வைத்திருக்கும் இரண்டு ஆண்கள், தாங்கள் சேர்ந்து வாழத் தொடங்கிய நாளை நினைத்து ஒருவருக்கொருவர் ஊட்டிக்கொள்ளும் கேக் அது. கொல்லிமலையில் ஓவனும் இல்லை, மைதாவை வாங்கும் பழக்கமும் இல்லை என்பதால் அது மணலுக்கும் சாமைக்கும் மாறியிருந்தது.

சோளக்காடு என்ற ஊரின் சந்தையிலிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் என் சித்தியின் வீடு. சித்தி என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை, பெயர் காவேரி. அவளோடு அந்த வீட்டில் இருந்தவள் சரசு. அவளையும் நான் சித்தி என்றே கூப்பிட்டேன்; காவேரிச் சித்தி, சரசுச் சித்தி. காவேரிச் சித்தி மலையில் பிறந்தவள், மரவள்ளிக் குச்சி வெட்டுவதிலிருந்து பலாமரம் ஏறுவது வரை எல்லாம் செய்வாள், அதிகம் பேசமாட்டாள். சரசுச் சித்தி மலையடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டிப் பக்கத்துப் பெண், பிளஸ் டூ படித்தவள், பேச்சை நிறுத்தமாட்டாள். இருவரும் திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் தைத்தவர்கள். சரசுச் சித்திக்கு ஊரில் மாப்பிள்ளை பார்த்து நாள் குறித்தபோது அவள் தன் வீட்டுக்குப் போகாமல், காவேரிச் சித்தியோடு மலைக்கு வரும் பஸ்ஸில் ஏறிவிட்டாள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே அவள் மடியில் இறுக்கிப் பிடித்திருந்த பையில் துணிமணி கொஞ்சந்தான் இருந்ததாம். மீதி இடத்தை அடைத்திருந்தது ஒரு டிவிடி பிளேயர். இதெல்லாம் நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. எனக்கு நினைவு தெரிந்தபோது அவர்கள் சோளக்காட்டில் பழக்கடை வைத்திருந்தார்கள். பலா, வாழை, அன்னாசி, மிளகு எல்லாம் அந்தக் கடையில் கிடைக்கும்.

எந்த விசேஷ நாளானாலும், தீபாவளியோ பொங்கலோ யாருடைய பிறந்த நாளோ, அந்த வீட்டில் மத்தியானத்துக்கு மேல் கதவைச் சாத்தி ஒரு படம் போடுவார்கள். ஆணை ஆணோ பெண்ணைப் பெண்ணோ விரும்புகிற படமாக அது இருக்கும்; சில சமயம் தொலைக்காட்சித் தொடரின் ஒரு பகுதியாகவும் இருக்கும். திருப்பூரில் உடன் தங்கியிருந்த தோழி ஒருத்தி கோயம்புத்தூரிலிருந்து டிஸ்க் வாங்கிப் பஸ்ஸில் கொடுத்தனுப்புவாள். இன்று இவற்றுக்குப் பால்புதுமையர் படங்கள் என்று அழகான பெயர் வந்துவிட்டது. அன்று எங்களுக்கு அது "சித்திங்க படம்". படத்தில் இருப்பவர்கள் எதைச் சாப்பிடுகிறார்களோ அதையே மலையில் கிடைக்கும் பொருளை வைத்து அன்று சமைப்பார்கள். அதற்கு "படச்சோறு" என்று பெயர் வைத்தது நான்தான் என்று அம்மா சொல்வாள். மழை ஓயாத ஒரு நகரத்தில் இரண்டு பெண்கள் நூடுல்ஸ் கடையில் ஆவி பறக்கும் கிண்ணங்களுக்கு நடுவே முதல் தடவையாக மனம் திறந்து பேசும் தொடர் ஒன்று இருந்தது. அதற்கு ராகி மாவை இடியாப்ப அச்சில் பிழிந்து மிளகு ரசத்தில் போட்டு, எங்கள் எல்லோருக்கும் கையில் இரண்டு மூங்கில் குச்சிகளைக் கொடுத்துவிட்டார்கள். ரசத்தில் குச்சியை விட்டு நாங்கள் பட்ட பாட்டில் படத்தைப் பார்க்கவே முடியவில்லை.

படங்கள் எல்லாம் அந்நிய மொழியில் இருக்கும். அடியில் ஆங்கில எழுத்து ஓடும். சரசுச் சித்தி அதை வேக வேகமாகப் படித்து எங்களுக்குத் தமிழில் சொல்வாள், அதுவும் கதை சொல்வதுபோல இல்லை, அந்தந்த ஆளாகவே மாறிப் பேசுவாள். அதனால் கோட்டும் தொப்பியும் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் பனியில் நின்றுகொண்டு இன்னொருவரிடம், "ஏனுங்க, குளுருல எதுக்குங்க நிக்கறீங்க, உள்ள வாங்க, ஒரு வாய் காப்பி குடிக்கலாமுங்க" என்பார். மற்றவர், "இல்லீங்க, உங்களைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்பார். உலகத்தில் காதலிக்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் மரியாதையாகப் பேசிக்கொள்வார்கள் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். எழுத்து அவளை முந்திக்கொண்டு ஓடிவிட்டால், "ஏதோ நெறையப் பேசறாங்க, மொத்தத்துல புடிச்சிருக்குதாமா" என்று சுருக்கிவிடுவாள். குழந்தை பார்க்கக்கூடாத இடம் வந்தால் காவேரிச் சித்தி தன் முந்தானையை எடுத்து என் முகத்தில் போட்டுவிடுவாள். ஆணும் பெண்ணும் நடிக்கிற சாதாரணப் படத்துக்கும் அவளிடம் அதே முந்தானைதான்.

ஏன் விசேஷத்துக்கு விசேஷம் இந்தப் படங்கள் என்று ஒரு தடவை கேட்டேன். சரசுச் சித்தி மாவு பிசைந்துகொண்டே சொன்னாள்: "விசேஷம்னா ஊட்டுக்கு ஒறம்பரை வரணும், கண்ணு. எனக்கு எங்கூட்டு ஒறம்பரை யாரும் வர மாட்டாங்க. திருப்பூர்ல ஒரு நா இந்த மாதிரிப் படம் பாத்தமா, அட, நம்மாளுக இத்தனை பேரு இருக்காங்களேன்னு ரெண்டு பேரும் அழுதுட்டோம். அன்னையிலருந்து இவிங்கதான் எங்க ஒறம்பரை. வந்தவிங்களுக்கு அவிங்க சாப்பாட்டைத்தானே ஆக்கிப் போடணும்?" உறவுக்காரர்களையும் விருந்தாளிகளையும் எங்கள் பக்கத்தில் "ஒறம்பரை" என்ற ஒரே சொல்லால் சொல்வார்கள். அவள் சொன்னது அன்று எனக்கு முழுதாக விளங்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு படம் தொடங்கும்போது டிவிக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டு உட்காரத் தொடங்கினேன். வருகிறவர்களுக்கு இடம் வேண்டுமே என்று.

இதெல்லாம் சாத்திய கதவுக்குள் நடந்தது. என் அம்மாவுக்குத் தங்கையிடம் பாசம் உண்டு. ஆனால் ஊர் வாய்க்குப் பயந்தவள். என்னை அனுப்பிவைப்பாள், தானும் வருவாள், ஆனால் உள்ளே வந்து உட்காராமல் கதவோரம் நின்றபடியே பாதிப் படம் பார்த்துவிட்டு, "அடுப்புல வேலை கெடக்குது" என்று போய்விடுவாள். அப்பா மிளகுத் தோட்டத்தைத் தவிர வேறு எதிலும் கருத்துச் சொல்லாதவர்.

நான் நாலாம் வகுப்புப் படிக்கும்போதுதான் எனக்குக் காது குத்தினார்கள். அத்தனை நாள் தள்ளிப்போனதற்குக் காரணம் மடி. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். அம்மாவுக்கோ கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லை. அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, எங்கள் குடும்பத்தில் வைத்ததே சட்டம். அம்மா வகையில் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் கீழ்நாட்டில் இருக்கிறார், அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிடலாம் என்று பெரியப்பா சொன்னார். அந்த மாமாவை நான் பார்த்ததே இல்லை. அம்மாவே கடைசியாக அவரைப் பார்த்து வருஷக்கணக்காயிற்று. பெரியப்பா பேசி முடிக்கும்வரை அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு முறத்தைக் கீழே வைத்தாள்.

"என்ற பொறந்த ஊட்டுல மிச்சமிருக்கறது என்ற தங்கச்சிதானுங்க. எம்புள்ளை அவ மடியிலதான் உக்காரும்."

"பொம்பள மடியிலயா?"

"மாமன் சீரு பொறந்த ஊட்டுலருந்துதானே வரணும்? அவ கொண்டாருவா."

"அவ கொண்டாரட்டும். அந்த இன்னொருத்தி கூட வர வேண்டாம்."

"அவங்க ஒரே ஊட்டுக்காரங்க. வந்தா ரெண்டு பேரும்தான் வருவாங்க."

அம்மா பெரியப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் குரல் நடுங்கியது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. நடுங்கினாலும் அவள் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆனாலும் விசேஷத்துக்கு வந்தார். வராவிட்டால் தன் பேச்சு எடுபடவில்லை என்று ஊருக்குத் தெரிந்துவிடும் அல்லவா.

எங்கள் குலதெய்வக் கோயில் சித்திகள் வீட்டுக்குச் சற்று மேலே, பாக்கு மரங்களுக்கு நடுவே இருக்கிறது. அன்று காலையில் சித்திகள் இருவரும் பட்டுச்சேலை கட்டி, ஆளுக்கொரு தாம்பாளம் ஏந்தி, முன்னால் ஒருவர் பம்பை அடிக்க, சோளக்காட்டு ரோட்டிலிருந்து நடந்தே வந்தார்கள். தாம்பாளத்தில் எனக்குப் பாவாடை சட்டையும் வளையலும் தேங்காய் பழமும் இருந்தன. நடுவில், வெற்றிலையின் மேல், மணல் கேக்கும் இருந்தது. சந்தைக்காரர்கள் வியாபாரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். காவேரிச் சித்தி கோயிலுக்கு முன்னால் கம்பளியை விரித்து உட்கார்ந்து என்னை மடியில் வைத்துக்கொண்டாள். ஆசாரி வலது காதைக் குத்தினார். வலி தாங்காமல் நான் துள்ளி எழுந்து, பக்கத்தில் தாம்பாளத்தோடு உட்கார்ந்திருந்த சரசுச் சித்தியின் மடிக்குத் தாவிவிட்டேன். கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. "புள்ளையத் தூக்கி அந்த மடியில வைங்க" என்று பெரியப்பா சத்தம் போட்டார். ஆசாரி வயதானவர், அவசரக்காரர். கோயிலுக்குக் கோயில் போக வேண்டியவர். "மடி மாறுனா என்னங்க, காது மாறலையே" என்று சொல்லிக்கொண்டே, சரசுச் சித்தி என் தலையை மார்போடு அணைத்துப் பிடித்திருக்க, இடது காதையும் குத்தி முடித்துவிட்டார். காவேரிச் சித்தி சிரித்ததை அன்றுதான் நன்றாகப் பார்த்தேன். என் காதுகள் இரண்டும் எரிந்துகொண்டிருந்தன; ஆனால் ஊரில் வேறெந்தப் பிள்ளைக்கும் இரண்டு மடி கிடைத்ததில்லை என்ற பெருமை அழுகையோடு அழுகையாக எனக்குள் வந்துவிட்டது.

விருந்து சித்திகள் வீட்டில் நடந்தது. சாப்பாடு முடிந்து கிளம்பலாம் என்றிருந்தவர்களை மழை பிடித்துக்கொண்டது. மேகம் இறங்கி எதிர்வீடு கூடத் தெரியவில்லை. மலைரோட்டில் ஒரு வளைவில் மரம் விழுந்து பஸ் வரவில்லை என்று சந்தையிலிருந்து ஆள் வந்து சொன்னார். கீழேயிருந்து வந்த உறவினர்கள் எல்லாரும் அந்தச் சின்னக் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மூலையில் அரசாங்கம் கொடுத்த கலர் டிவி துணி போட்டு மூடியிருந்தது. கரண்ட் போகாமல் இருந்ததே அதிசயம். நான் வழக்கம்போல, "சித்தி, படம் போடலியா?" என்று கேட்டுவிட்டேன்.

சரசுச் சித்தி காவேரிச் சித்தியைப் பார்த்தாள். காவேரிச் சித்தி அடுப்படியில் நின்றபடி வேண்டாம் என்பதுபோலக் கையை அசைத்தாள். அப்போது, எப்போதும் கதவோரம் நிற்கிற அம்மா கூட்டத்துக்கு நடுவே வழி செய்துகொண்டு போய் டிவியின் துணியை எடுத்தாள்.

"விசேஷ நாள்ல இந்த ஊட்டுல படம் போடாம இருந்ததில்லீங்க. இன்னைக்கு எம்புள்ளை விசேஷம். எது வெச்சிருக்கறயோ அதைப் போடு, சரசு."

வைத்திருந்தது ஒரு கடற்கரைப் படம். துறைமுக ஊர் ஒன்றில் சாப்பாட்டுக்கடை நடத்தும் ஒரு பெண். படகில் மீன் பிடிக்கப் போகும் இன்னொரு பெண். படகு கரை திரும்பும்போதெல்லாம் கடைக்காரி அவளுக்காக ஒரு கிண்ணம் சூப்பைச் சூடு ஆறாமல் வைத்திருப்பாள். படம் ஓடத் தொடங்கியது. ஆனால் சரசுச் சித்தியின் குரல் வரவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் அவளுக்குக் கூச்சம். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த பெரியம்மா, அதாவது பெரியப்பாவின் மனைவி, "என்ன சொல்லுதுக, ஒண்ணும் வெளங்கலியே" என்றாள். "சரசுச் சித்திக்குத் தெரியும்" என்றேன் நான். எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு மெல்ல ஆரம்பித்தாள். "காத்து பலமா அடிக்குதுங்க, இன்னைக்குப் போக வேண்டாமுங்க" என்று கடைக்காரி சொன்னதும் கூடத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. அது கேலிச் சிரிப்பில்லை. அதன்பின் அவள் குரல் நிமிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் மழையை மறந்துபோனார்கள்.

படகுக்காரி புயலில் போகும் கட்டத்தில், கரையில் நிற்கும் கடைக்காரியைப் பார்த்தபடி பெரியப்பா கேட்டார்: "இவிங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சிகளா?"

சரசுச் சித்தி நிறுத்தினாள். ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரும் விட்டிருப்பார், மற்றவர்களும் விட்டிருப்பார்கள். காவேரிச் சித்தி அடுப்படியிலிருந்து வெளியே வந்து, எல்லோரும் பார்க்க, சரசுச் சித்தியை ஒட்டி உட்கார்ந்தாள்.

"இல்லீங்க மாமா," என்றாள் சரசுச் சித்தி. "புருசன் பொண்டாட்டி மாதிரி ஒண்ணா வாழறவிங்க. எங்களை மாதிரிங்க."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தலையைக் குனியவில்லை. யாரோ இருமினார்கள். யாரோ எழுந்து வாசலுக்குப் போனார்கள். அப்புறம் பெரியம்மாவின் குரல் வந்தது: "அதிருக்கட்டும். அந்தப் படகுக்காரி திரும்பி வந்தாளா இல்லியா? அதைச் சொல்லு முதல்ல."

"வருவாங்க பெரியம்மா, பாருங்க," என்று என்னைப் போலவே முறைசொல்லி அழைத்த சரசுச் சித்திக்குக் கண் நிறைந்திருந்தது. காவேரிச் சித்தி எழுந்து போய் அந்தப் படத்தின் சோற்றைக் கொண்டுவந்தாள். மலையில் கடல் மீனுக்கு எங்கே போவது. ஓடை நண்டை இடித்துச் சாறெடுத்து, மரவள்ளிக் கிழங்கை மசித்து, தேங்காய்ப்பாலும் மிளகும் விட்டுக் கொதிக்கவைத்த ரசம் அது. திரையில் படகுக்காரி நனைந்து நடுங்கியபடி வந்து கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கியபோது எங்கள் கைகளிலும் டம்ளர்கள் இருந்தன.

பெரியப்பா தன் டம்ளரைத் தொடவில்லை. அது அவர் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு எதிரே வாய் திறக்காத என் அப்பா, கை நீட்டி அந்த டம்ளரை எடுத்துக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "மொளகு நம்ம தோட்டத்து மொளகுங்கண்ணா" என்றார். அவ்வளவுதான். அவர் வாழ்க்கையில் செய்த பெரிய புரட்சி அது என்று அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

மரத்தை வெட்டி அப்புறப்படுத்தி ரோடு திறந்ததும் பெரியப்பா கிளம்பினார். அதற்குப் பிறகு அவர் சித்திகள் வீட்டுப் படியேறவில்லை. எல்லாக் கதையும் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் அவர் கடைசிவரை அப்படியேதான் இருந்தார். சந்தையில் சிலர் கொஞ்சநாள் கடைப் பக்கம் வராமல் சுற்றிப் போனார்கள். சிலர் காதுபடப் பேசினார்கள். பெரியம்மா மட்டும் அடுத்த பொங்கலுக்கு, புருஷனிடம் சொல்லிவிட்டே, பொழுதோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். அன்று கதவைச் சாத்தப் போன சரசுச் சித்தியை, "காத்து வரட்டும், தெறந்தே வையி" என்று தடுத்தது அவள்தான். அதன்பின் அந்தக் கதவு விசேஷ நாளில் சாத்தப்பட்டதில்லை.

இப்போது நான் சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். உடன் வேலை செய்பவர்கள் தங்கள் சிறுவயதுப் பண்டிகைகளைப் பற்றிப் பேசும்போது நான் என்னுடையதைச் சொல்வேன். முதலில் திகைப்பார்கள், பிறகு அடுத்த தடவை தாங்களும் வரலாமா என்பார்கள். டிவிடி பிளேயர் என்றோ பழுதாகிவிட்டது; டிஸ்க்குகள் மலையின் ஈரத்தில் பூத்துப்போயின. படங்கள் போனிலேயே வருகின்றன, பல படங்கள் தமிழிலேயே பேசுகின்றன. யாரும் படித்துச் சொல்லத் தேவையில்லை. கடற்கரைப் படம் எந்த நாட்டுப் படம் என்றுகூட எங்களில் யாருக்கும் தெரியவில்லை. தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. பெரியம்மா போய்விட்டாள். சித்திகளுக்குத் தலை நரைத்துவிட்டது. கடையை ஒரு வேளை மட்டும் திறக்கிறார்கள். ஆனால் விசேஷ நாளில் கூடம் கொள்ளாமல் வாசலில் பந்தல் போடுகிறார்கள். கீழே ராசிபுரம், நாமக்கல் பக்கத்திலிருந்தெல்லாம், சொந்த வீட்டில் தீபாவளி இல்லாமற்போன பிள்ளைகள் ஜோடியாகவும் தனியாகவும் மலையேறி வருகிறார்கள். அவர்களை வரிசையாக உட்காரவைத்து, "கூச்சப்படாமச் சாப்புடுங்க, சாமி" என்று பரிமாறுவது என் அம்மா.

போன தீபாவளிக்கு நான் பஸ்ஸில் போனபோது மேகம் இறங்கி வெளியே ஒன்றும் தெரியவில்லை. சித்திகள் வீட்டுக்கு இறங்கும் இடத்தில் முன்பு ரோட்டோரம் ஒரு பெரிய பலாமரம் இருந்தது. பலாமரத்து ஸ்டாப் என்றுதான் அதற்குப் பெயர். ரோட்டை அகலப்படுத்தியபோது மரத்தை வெட்டிவிட்டார்கள். இறங்க வேண்டிய இடம் எது என்று தெரியாமல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி மெல்ல நின்றது. கண்டக்டர், என்னைத் தெரியாத புது ஆள், விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சாதாரணமாகக் குரல் கொடுத்தார்: "ரெண்டு சித்தி ஊடு. ரெண்டு சித்தி ஊடெல்லாம் எறங்குங்க." பாதி பஸ் எழுந்து என்னோடு இறங்கியது.